ஒரு வீட்டில் இரண்டு ரவுட்டர்: முகவரி கொடுப்பது யார்?

வைஃபை குறியில் கோடுகள் முழுதாக நிற்கும், ஆனால் ஒரு பக்கமும் திறக்காது. அதே நேரத்தில் அடுத்த அறையில் இருப்பவருக்கு வீடியோ தடையில்லாமல் ஓடிக்கொண்டிருக்கும். போனில் வைஃபையை அணைத்துப் போட்டால் சரியாகும். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி அதே கதை. நேற்று வரை ஒழுங்காக அச்சடித்த பிரிண்டர் இன்று ஆஃப்லைன் என்கிறது. இப்படி வந்து வந்து போகும் கோளாறுகள், வீட்டில் இரண்டாவதாக ஒரு ரவுட்டரை மாட்டிய பிறகு தொடங்கியிருந்தால், இணைய நிறுவனத்தோடு சண்டைக்குப் போகும் முன் ஒரு விஷயத்தைப் பார்த்துவிடலாம். உங்கள் வீட்டுச் சாதனங்களுக்கு முகவரி கொடுப்பது யார்? ஒருவரா, இருவரா?

நெட்வொர்க்கில் சேரும் ஒவ்வொரு சாதனத்துக்கும் ஓர் ஐபி முகவரி வேண்டும். புள்ளியால் பிரித்த நான்கு எண்கள், ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரை. இந்த முறையில் மொத்தமே சுமார் 430 கோடி முகவரிகள்தான் சாத்தியம். உலகத்தில் இருக்கும் எல்லாச் சாதனங்களுக்கும் அது போதாது. அதனால் 1996இல் வெளியான ஆர்எஃப்சி 1918 என்ற ஆவணம் மூன்று வரிசைகளைத் தனிப்பட்ட நெட்வொர்க்குகளுக்கென ஒதுக்கியது: 10 என்று தொடங்கும் அனைத்தும், 172.16 முதல் 172.31 வரை, 192.168 என்று தொடங்கும் அனைத்தும். இவற்றை யார் வேண்டுமானாலும் தன் வீட்டுக்குள் பயன்படுத்தலாம். வெளி இணையத்தில் இவை செல்லாது. உங்கள் போனுக்கும் பக்கத்து வீட்டுப் போனுக்கும் 192.168.1.5 என்ற ஒரே முகவரி இருந்தாலும் பிரச்சினை இல்லாதது இதனால்தான். வெளியே போகும்போது ரவுட்டர் உள்முகவரியை மறைத்து, தனக்கு இணைய நிறுவனம் கொடுத்த முகவரியை அதன் இடத்தில் வைத்து அனுப்புகிறது. இதற்கு நாட் என்று பெயர். ஆனால் ஒரே வீட்டுக்குள், ஒரே நெட்வொர்க்கில், இரண்டு சாதனங்கள் ஒரே முகவரியோடு நின்றால் யாருக்கு வந்த தகவல் யாருக்குப் போகும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

இந்த முகவரிகளை நாம் யாரும் கையால் எழுதுவதில்லை. டிஎச்சிபி என்ற முறை அதைச் செய்கிறது. 1993இல் தரமாக வெளிவந்து, 1997இல் திருத்தப்பட்டு, இன்றுவரை அதே வடிவில் ஓடுகிறது. போன் வைஃபையில் சேர்ந்தவுடன் நடப்பது நான்கு வரி உரையாடல். "முகவரி கொடுப்பவர் யாராவது இருக்கிறீர்களா?" என்று போன் நெட்வொர்க் முழுவதற்கும் கேட்கும்படி கூவுகிறது. ரவுட்டர், "இந்தா, 192.168.1.37 இருக்கிறது, வேண்டுமா?" என்கிறது. "சரி, அதையே எடுத்துக்கொள்கிறேன்" என்கிறது போன். "உனக்குத்தான், இத்தனை மணி நேரத்துக்கு" என்று ரவுட்டர் பதிவு செய்துகொள்கிறது. முகவரியோடு கூட இன்னும் சில விவரங்களும் போனுக்குக் கிடைக்கின்றன. அவற்றில் முக்கியமானது கேட்வே, அதாவது வெளியே போக வேண்டிய தகவலையெல்லாம் யாரிடம் கொடுக்க வேண்டும் என்ற விவரம். சாதாரணமாக அது ரவுட்டரின் சொந்த முகவரி.

கவனிக்க வேண்டியது முதல் வரிதான். போன் கூவிக் கேட்கிறது. யார் பதில் சொல்ல உரிமை உள்ளவர் என்று அதற்குத் தெரியாது, விசாரிப்பதும் இல்லை. இரண்டு பேர் பதில் சொன்னால் பெரும்பாலும் முதலில் வந்த பதிலை ஏற்றுக்கொள்ளும். ஒரே வரிசைக்கு இரண்டு பேர் தனித்தனி நோட்டு வைத்துக்கொண்டு, ஒருவர் நோட்டை மற்றவர் பார்க்காமல் டோக்கன் கொடுப்பது போலத்தான். பெரிய அலுவலகங்களில் ஒன்றுக்கு மேற்பட்ட டிஎச்சிபி சர்வர்களை வேண்டுமென்றே வைப்பார்கள், ஆனால் உனக்கு இந்த எண்கள், எனக்கு அந்த எண்கள் என்று பிரித்துக்கொள்வார்கள். கடையில் வாங்கிய இரண்டு வீட்டு ரவுட்டர்களுக்குள் அப்படி எந்த ஒப்பந்தமும் கிடையாது. ஒவ்வொன்றும் தான் மட்டுமே இருப்பதாக நினைத்து வேலை செய்யும்.

பெட்டி ஒன்று, வேலை நான்கு

குழப்பத்துக்கு வேர், ரவுட்டர் என்று நாம் சொல்லும் பெட்டியிலேயே இருக்கிறது. அதற்குள் உண்மையில் நான்கு சாதனங்கள் இருக்கின்றன: உள்ளையும் வெளியையும் இணைக்கும் ரவுட்டர், கேபிள்களைச் சேர்க்கும் ஸ்விட்ச், வைஃபை ஒலிபரப்பும் ஆக்சஸ் பாயின்ட், முகவரி கொடுக்கும் டிஎச்சிபி சர்வர். பின் அறையில் சிக்னல் வரவில்லை என்று இரண்டாவது ரவுட்டர் வாங்குபவருக்குத் தேவை வைஃபை மட்டும்தான். பெட்டியோ நான்கு வேலையையும் செய்யத் தயாராக வந்து இறங்குகிறது. தேவையில்லாத வேலைகளை நிறுத்தச் சொல்ல வேண்டியது நாம்தான்.

அதன் பிறகு நடப்பது, கேபிளை எந்தத் துளையில் செருகினீர்கள் என்பதைப் பொறுத்தது. ரவுட்டரின் பின்பக்கம் வீட்டுச் சாதனங்களுக்கான லேன் போர்ட்டுகள், பெரும்பாலும் நான்கு, சேர்ந்து இருக்கும். இன்டர்நெட் போர்ட் ஒன்று தனியாக, பெரும்பாலும் வேறு நிறத்தில் இருக்கும். முதல் ரவுட்டரின் லேன் போர்ட்டிலிருந்து வரும் கேபிளை இரண்டாவதன் லேன் போர்ட்டில் செருகினால் ஒரு வகைத் தொல்லை. இன்டர்நெட் போர்ட்டில் செருகினால் வேறு வகை.

முதல் வகையில் இரண்டு பெட்டிகளும் ஒரே நெட்வொர்க்கில் இருக்கின்றன, இரண்டும் முகவரி கொடுக்கின்றன. ஒன்று 192.168.0, மற்றது 192.168.1 என்று வெவ்வேறு வரிசை வைத்திருக்கிறது என்று வையுங்கள். முதல் ரவுட்டரிடம் முகவரி வாங்கிய சாதனத்துக்கு எல்லாம் சரியாக வேலை செய்யும். இரண்டாவதிடம் வாங்கியதற்கு கேட்வே என்று இரண்டாவது ரவுட்டர் தன் முகவரியையே கொடுத்திருக்கும். ஆனால் அதன் இன்டர்நெட் போர்ட் காலி. வெளியே போக வழியில்லாத ஒருவரிடம் கொண்டுபோய்த் தகவலைக் கொடுத்துக்கொண்டே இருக்கும் அந்தச் சாதனம். இரண்டாவது ரவுட்டரின் வைஃபையில் இருக்கும் போனுக்கு அதன் பதில்தான் பெரும்பாலும் முந்தி வரும். ஆக, புது ரவுட்டருக்கு அருகில், சிக்னல் மிக நன்றாக இருக்கும் இடத்தில்தான் இணையம் அதிகம் தகராறு செய்யும். வாங்கிய பெட்டியே மட்டம் என்று திருப்பிக் கொடுக்கக் கிளம்புகிறவர்கள் உண்டு. பெட்டியில் குறையில்லை.

இரண்டும் ஒரே வரிசை வைத்திருந்தால் இன்னும் மோசம். பல ரவுட்டர்கள் கடையிலிருந்து வரும்போதே 192.168.1.1 என்ற முகவரியைத் தமக்கு வைத்துக்கொண்டு வரும். இப்போது வீட்டில் இரண்டு 192.168.1.1. சாதனங்கள் ஐபி முகவரியை வைத்து, அதற்குரிய வன்பொருள் எண்ணை, அதாவது மேக் முகவரியை, ஏஆர்பி என்ற கேள்வி பதில் மூலம் கண்டுபிடிக்கும். "192.168.1.1 யார்?" என்று கேட்டால் இரண்டு பேரும் "நான்தான்" என்பார்கள். கடைசியாக எந்தப் பதில் மனதில் நின்றதோ அதைப் பொறுத்து இந்த நிமிடம் இணையம் இருக்கும், அடுத்த நிமிடம் இருக்காது. போதாக்குறைக்கு, முதல் ரவுட்டர் மடிக்கணினிக்குக் கொடுத்த அதே எண்ணை இரண்டாவது ரவுட்டர் டிவிக்குக் கொடுத்துவிடவும் கூடும்.

இன்டர்நெட் போர்ட்டில் செருகினால்

இரண்டாவது வகையில் புது ரவுட்டர் பழைய ரவுட்டரை இணைய நிறுவனம் என்று நினைத்துக்கொள்கிறது. அதனிடம் ஒரு முகவரி வாங்கிக்கொண்டு, தனக்குக் கீழே தனி நெட்வொர்க் ஒன்றை நடத்துகிறது. நாட் இரண்டு முறை நடக்கிறது. இதைத்தான் டபுள் நாட் என்கிறார்கள்.

இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. வெளிப்பக்கமும் உள்பக்கமும் ஒரே 192.168.1 வரிசையாக அமைந்துவிட்டால், இரண்டாவது ரவுட்டருக்கு எது உள்ளே எது வெளியே என்று தெரியாமல் போய்விடும். புதிய ரவுட்டர்கள் பல இதைக் கண்டுபிடித்துத் தம் உள்வரிசையைத் தாமே மாற்றிக்கொள்ளும். நேற்று வரை 192.168.1.1இல் திறந்த அமைப்புப் பக்கம் இன்று வேறு எண்ணில் திறக்கிறதே என்று திகைக்க வேண்டாம். மாற்றிக்கொள்ளத் தெரியாத பழைய பெட்டி என்றால், அதன் உள்முகவரியை 192.168.2.1 என்பது போல நீங்களே மாற்றுங்கள்.

வரிசைகள் வேறு வேறாக இருந்தால் டபுள் நாட் வேலை செய்யும். இதைப் பெரிய நோய் மாதிரி பேசுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. பக்கங்கள் படிக்க, வீடியோ பார்க்க, மின்னஞ்சல் அனுப்ப அது எந்தத் தொந்தரவும் தராது. தொந்தரவு வேறு இடங்களில் வரும். மேல் நெட்வொர்க்கில் இருக்கும் பிரிண்டரைக் கீழ் நெட்வொர்க்கிலிருந்து தேடினால் கிடைக்காது, ஏனென்றால் "பிரிண்டர் யாராவது உண்டா?" என்ற கூவல் ரவுட்டரைத் தாண்டிப் போகாது. முகவரியைத் தெரிந்து நேரடியாக அடித்தால் அச்சாகலாம். எதிர்த் திசையில், மேலிருந்து கீழே, அதுவும் நடக்காது. போனில் இருக்கும் படத்தை டிவிக்கு அனுப்ப முயன்றால் டிவி பட்டியலிலேயே வராது. வெளியிலிருந்து வீட்டுக் கேமராவை நேரடியாக எட்டுவதற்குப் போர்ட் ஃபார்வர்டிங் செய்திருந்தால், அதை இரண்டு பெட்டிகளிலும் செய்ய வேண்டும். சில ஆன்லைன் விளையாட்டுகள் முரண்டு பிடிக்கும். இவை எதுவும் உங்களுக்குத் தேவையில்லை என்றால் அப்படியே விட்டுவிடலாம். விருந்தினர்களையோ, நம்பிக்கையில்லாத மலிவு ஸ்மார்ட் சாதனங்களையோ உங்கள் கணினியிலிருந்து பிரித்து வைக்க வேண்டுமென்றே இப்படி அமைப்பவர்களும் உண்டு. எந்தப் பக்கம் யாரை வைக்கிறோம் என்பது முக்கியம்: கீழிருப்பவர் மேலிருப்பவரை எட்டலாம் என்பதால், காக்க வேண்டிய கணினி கீழே இருக்க வேண்டும்.

கண்டுபிடிப்பது

எல்லாவற்றையும் அணைத்துப் போடுவது பலரின் முதல் வைத்தியம். நான் அதைக் கடைசியில் வைப்பேன். அணைத்துப் போட்டால் பதில்கள் வரும் வரிசை மாறி, கோளாறு தற்காலிகமாக மறையும். காரணம் தெரியாமலே போய்விடும். கோளாறு இருக்கும்போதே பார்ப்பதுதான் நல்லது.

வேலை செய்யும் சாதனம் ஒன்று, செய்யாத சாதனம் ஒன்று, இரண்டையும் பக்கத்தில் வையுங்கள். போனில் வைஃபை அமைப்புகளுக்குப் போய், இணைந்திருக்கும் நெட்வொர்க்கின் பெயரைத் தட்டினால் ஐபி முகவரியும் கேட்வேயும் தெரியும். ஐபோனில் கேட்வேயை ரவுட்டர் என்றே எழுதியிருக்கும். விண்டோஸில் கமாண்ட் பிராம்ப்ட் திறந்து ஐபிகான்ஃபிக் கட்டளையை, சாய்கோடு போட்டு ஆல் என்ற சொல்லோடு அடித்தால், டிஎச்சிபி சர்வர் யார் என்பதும் சேர்ந்து வரும். மூன்று விவரங்களை எழுதிக்கொள்ளுங்கள்: முகவரி, கேட்வே, டிஎச்சிபி சர்வர்.

இரண்டு சாதனங்களின் கேட்வே வெவ்வேறாக இருந்தால், இரண்டும் ஒரே நெட்வொர்க் என்று நீங்கள் நினைக்கும்போது, முகவரி கொடுப்பவர் இருவர் என்பது உறுதி. வேறு சோதனையே வேண்டாம்.

முகவரி 169.254 என்று தொடங்கினால் அது ரவுட்டர் கொடுத்தது அல்ல. கூவிப் பார்த்தும் யாரும் பதில் சொல்லாததால் சாதனம் தானாகவே வைத்துக்கொண்ட எண் அது. இந்த வழக்கம் 2005இல் ஆர்எஃப்சி 3927 என்று தரமாக எழுதப்பட்டது. இங்கே பிரச்சினை மோதல் அல்ல, ஆளே இல்லாதது: கேபிள் கழன்றிருக்கலாம், டிஎச்சிபி எல்லா இடத்திலும் அணைந்திருக்கலாம், அல்லது கொடுக்க வைத்திருந்த எண்கள் தீர்ந்துபோயிருக்கலாம்.

கேட்வே ஒன்றுதான், ஆனாலும் விட்டு விட்டு வருகிறது என்றால், ஒரே எண்ணில் இரண்டு பேர் இருக்கிறார்களா என்று சந்தேகப்படுங்கள். சில நேரம் விண்டோஸே முகவரி மோதல் என்று எச்சரிக்கும். எளிய சோதனை, இரண்டாவது ரவுட்டரின் மின்சாரத்தைப் பிடுங்கிவிட்டு, தகராறு செய்த சாதனத்தின் வைஃபையை அணைத்துப் போட்டு, ஒரு நாள் விட்டுப் பார்ப்பது.

டபுள் நாட் இருக்கிறதா என்று அறிய, உங்கள் ரவுட்டரின் நிலைமைப் பக்கத்தில் இன்டர்நெட் முகவரி என்ன என்று பாருங்கள். அதுவே 192.168 அல்லது 10 என்று தொடங்கினால், மேலே இன்னொரு நாட் இருக்கிறது. 100.64 முதல் 100.127 வரை ஏதாவது ஒன்றென்றால் அது உங்கள் வீட்டுக் கோளாறு அல்ல. முகவரிப் பற்றாக்குறையால் இணைய நிறுவனங்கள் பல வாடிக்கையாளர்களை ஒரே வெளி முகவரிக்குப் பின்னால் வைக்க, 2012இல் ஒதுக்கப்பட்ட வரிசை அது. வீட்டுக்குள் எந்தப் பெட்டியை எப்படித் திருப்பினாலும் அது மாறாது. பொது முகவரி வேண்டும் என்று நிறுவனத்திடம்தான் கேட்க வேண்டும்.

சரிசெய்வது

பெரும்பாலான வீடுகளுக்கு என் பரிந்துரை ஒன்றே: முதல் ரவுட்டர் முகவரி கொடுக்கட்டும், இரண்டாவது வெறும் வைஃபை தரட்டும். இரண்டாவதன் அமைப்புப் பக்கத்தில் ஆக்சஸ் பாயின்ட் மோடு என்று ஒரு தேர்வு இருந்தால் அதைப் போட்டுவிடுங்கள், முடிந்தது. ஐபிவி6 என்ற புதிய முகவரி முறை வழியாகத் தனியே வரும் ரவுட்டர் அறிவிப்புகள் போன்ற, நீங்கள் தேடிப்போய் அணைக்க நினைக்காத விஷயங்களையும் அது சேர்த்து நிறுத்திவிடும்.

அந்தத் தேர்வு இல்லாத பழைய பெட்டியிலும் கையால் செய்யலாம். எதை முதலில் செய்கிறோம் என்பது முக்கியம். முதல் ரவுட்டரிலிருந்து வரும் கேபிளைக் கழற்றிவிட்டு, கணினியைக் கேபிள் மூலம் இரண்டாவது பெட்டியோடு மட்டும் இணையுங்கள். முதலில் அதன் லேன் முகவரியை, முதல் ரவுட்டரின் வரிசையிலேயே, ஆனால் யாருக்கும் கொடுக்கப்படாத எண்ணாக மாற்றுங்கள். முதல் ரவுட்டர் 192.168.1.1, அது 100 முதல் 199 வரை கொடுக்கிறது என்றால், இதற்கு 192.168.1.2 பொருத்தம். புது முகவரியில் மறுபடி உள்ளே போய், டிஎச்சிபியை அணையுங்கள். வைஃபை பெயரும் கடவுச்சொல்லும் இந்தச் சமயத்திலேயே போட்டுவிடலாம். பிறகு முதல் ரவுட்டரின் லேன் போர்ட்டிலிருந்து இதன் லேன் போர்ட்டுக்குக் கேபிள். இன்டர்நெட் போர்ட் காலியாகவே இருக்கட்டும்.

டிஎச்சிபியை அணைத்தவுடன் அமைப்புப் பக்கம் திறக்காமல் போகலாம். பெட்டி செத்துவிட்டது என்று ரீசெட் பொத்தானைக் குத்திவிடாதீர்கள். கணினிக்கு முகவரி கொடுக்க அங்கே ஆள் இல்லை, அவ்வளவுதான். முதல் ரவுட்டரோடு கேபிள் போட்டதும் கணினி அதனிடம் முகவரி வாங்கிக்கொள்ளும், 192.168.1.2 பக்கமும் திறக்கும். அந்த எண்ணை ஒரு துண்டுத் தாளில் எழுதிப் பெட்டியின் அடியில் ஒட்டிவையுங்கள், பின்னால் தேடுவது பெரும்பாடு.

மாற்றியும் சரியாகவில்லை என்று சிலர் சொல்வதற்குக் காரணம் பழைய முகவரிகள். டிஎச்சிபி முகவரிக்குக் குத்தகைக் காலம் உண்டு, பல ரவுட்டர்களில் ஒரு நாள். அது முடியும் வரை சாதனம் பழைய எண்ணையும் பழைய கேட்வேயையும் பிடித்துக்கொண்டிருக்கக்கூடும். எல்லாச் சாதனங்களிலும் வைஃபையை ஒருமுறை அணைத்துப் போடுங்கள். நான் கடைசியில் வைக்கிறேன் என்று சொன்ன வைத்தியத்துக்கு இடம் இதுதான்.

நீங்கள் வாங்கிய ரவுட்டர்தான் நல்லது, இணைய நிறுவனம் கொடுத்த பெட்டியை ஓரங்கட்ட வேண்டும் என்றால் தலைகீழாகச் செய்ய வேண்டும்: நிறுவனத்தின் பெட்டியை பிரிட்ஜ் மோடில், அதாவது ரவுட்டர் வேலையை விட்டுவிட்டு இணைப்பை மட்டும் அப்படியே கடத்தும் நிலையில் போட்டு, உங்களுடையதை அதன் கீழே இன்டர்நெட் போர்ட்டில் இணைப்பது. சில நிறுவனங்கள் அந்த அமைப்பைப் பூட்டி வைத்திருக்கும், சிலவற்றில் தொலைபேசியும் டிவியும் அந்தப் பெட்டியை நம்பியே இருக்கும். கேட்டுவிட்டுச் செய்வது நல்லது.

ஒரே ரவுட்டர் இருந்தும் மோதினால்

ஒரே ஒரு ரவுட்டர் இருக்கும் வீட்டிலும் மோதல் வரலாம். பிரிண்டருக்கோ கேமராவுக்கோ யாரோ கையால் 192.168.1.120 என்று நிலையான முகவரி எழுதியிருப்பார்கள். ரவுட்டரும் 100 முதல் 199 வரை தனக்குரியது என்று நினைத்திருக்கும். பிரிண்டர் அணைந்திருக்கும் நேரத்தில் அந்த எண் காலி என்று எடுத்து ஒரு போனுக்குக் கொடுத்துவிடும். பிரிண்டரைப் போட்டவுடன் இரண்டும் முட்டிக்கொள்ளும். நிலையான எண் வேண்டுமென்றால் ரவுட்டர் கொடுக்கும் வரிசைக்கு வெளியே வையுங்கள். அதைவிட நல்லது, ரவுட்டரிலேயே அட்ரஸ் ரிசர்வேஷன் செய்வது. இன்ன மேக் முகவரிக்கு எப்போதும் இன்ன எண் என்று அது நினைவில் வைத்துக்கொள்ளும். போன்களுக்கு இதைச் செய்யும்போது மட்டும் ஒரு எச்சரிக்கை: ஆண்ட்ராய்டு 10 முதலும் ஐஓஎஸ் 14 முதலும் போன்கள் வைஃபையில் தம் உண்மையான மேக் முகவரியை மறைத்து, வேறொன்றைக் காட்டுவது வழக்கமாகிவிட்டது. பெட்டியில் அச்சடித்த எண்ணை வைத்து ரிசர்வேஷன் செய்தால் பலிக்காது.

இன்னொரு சந்தேகப் பேர்வழி, ரவுட்டர் போலவே தோன்றாத முகவரி கொடுப்பவர். வைஃபை ரிப்பீட்டர் சிலவற்றுக்குச் சொந்த டிஎச்சிபி உண்டு. தன் இணையத்தை மற்றவர்களுக்குப் பகிரும்படி அமைத்த விண்டோஸ் கணினியும் முகவரி கொடுக்கத் தொடங்கும். உங்கள் சாதனத்தில் 192.168.137 என்று தொடங்கும் முகவரியைப் பார்த்தால் முதலில் அந்தக் கணினியைத் தேடுங்கள். யாருடையது என்றே தெரியாத கேட்வே முகவரி கிடைத்தால், அதை உலாவியில் அடித்துப் பாருங்கள், பெரும்பாலும் உள்நுழைவுப் பக்கத்திலேயே மாடல் பெயர் இருக்கும். அதுவும் திறக்காவிட்டால் விண்டோஸில் ஏஆர்பி கட்டளையை, கழித்தல் குறியும் ஏ எழுத்தும் சேர்த்து அடித்து, அந்த முகவரிக்கு நேரே இருக்கும் மேக் முகவரியின் முதல் பாதியைக் குறித்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் அது தயாரித்த நிறுவனத்துக்கு ஒதுக்கப்பட்ட எண். இணையத்தில் தேடினால் நிறுவனத்தின் பெயர் வரும். அந்தப் பெயர் எழுதிய பெட்டி வீட்டில் எங்கே மின்சாரம் குடித்துக்கொண்டிருக்கிறது என்று பார்த்துவிட்டு, அதன் டிஎச்சிபியை அணையுங்கள்.